பெருங்காயத்துக்கும் தலைக்கணக்கா?

வெகுகாலத்துக்கு முன்னே மருதங்கரைச் சீமையை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. எது மாறினாலும் சுண்டைவற்றல் குழம்பின் மேல் அவருக்கிருந்த ஆசை மட்டும் மாறாது.

அரண்மனைப் பந்தியில் உட்காருகிறவர்கள் நாலே பேர்: ராஜா, ராணி, ராஜமாதா, சின்ன இளவரசன். அந்த வருஷம் ராஜாவின் தங்கை சிவகாமவல்லி வாழ்க்கைப்பட்ட ஊரை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று.

"கூடப்பிறந்தவளைத் தவிக்க விடலாமா பிரபு? இங்கேயே அழைத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் மந்திரி தேவநாயகர். தங்கை, அவள் புருஷன், மாமனார், மாமியார், எட்டுப் பிள்ளைகள் என்று பன்னிரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். நாலு இலை பதினாறு இலை ஆயிற்று.

அன்று பிடித்துக் குழம்பு கெட்டது. எண்ணெய் ஒரு பக்கம் மிதக்கும், தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், பெருங்காயம் மூக்கைப் பிடுங்கும். பத்து நாள் பொறுத்த ராஜா ஒருநாள் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இது குழம்பா, வைத்தியன் கொடுத்த கஷாயமா?"

உக்கிராண அதிகாரி மழவராயர் முன்னே வந்தார். அரண்மனைப் பண்டங்களெல்லாம் அவர் பொறுப்பு. மந்திரி வாயைத் திறந்தாலே அவருக்கு வயிறு எரியும்.

"பண்டத்தில் குறைவில்லை பிரபு. ஆள் நாலு மடங்கு கூடினால் எல்லாமே நாலு மடங்கு என்று நீங்களே முத்திரை போட்டு ஆணை தந்தீர்கள். இம்மி பிசகாமல் அளக்கிறேன். குழம்பு கெட்டதற்கு வந்தவர்கள் கால் ராசிதான் காரணம். வேறென்ன?"

ராஜாவுக்குச் சட்டென்று அது சரியாகப் பட்டது. "தேவநாயகரே! அழைக்கச் சொன்னவர் நீர். நாளை பந்திக்குள் இதற்கு வழி சொல்லும். இல்லையென்றால் அவர்களோடு நீரும் மூட்டை கட்டும்!"

கதவோரம் நின்ற சிவகாமவல்லி காதில் இது விழுந்தது. உள்ளே போய்ப் பிள்ளைகளின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த தேவநாயகருக்கு மனசு என்னவோ செய்தது. "அவசரப்படாதே அம்மா. மடித்ததைப் பெட்டியில் வைக்காதே" என்று சொல்லிவிட்டு நேரே மடைப்பள்ளிக்கு நடந்தார்.

சமையல்காரர் ஐயாக்குட்டி கரண்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார்.

"நான் என்ன செய்ய சாமி? பாத்திரம் பெரிசானால் தண்ணீர் அவ்வளவு வேகமாகச் சுண்டாது, குறைத்து விட வேண்டும் என்றேன். தாளிப்புக்கு நாலு மடங்கு எண்ணெய் வேண்டாம் என்றேன். பெருங்காயத்தைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டேன். 'ஆணையை மீறினால் கை இருக்காது' என்கிறார் அதிகாரி!"

தேவநாயகர் யோசித்தார். ஆணை தப்பென்று சொன்னால் ராஜா தப்பு செய்தார் என்று ஆகும். சபையில் அதைச் சொன்னால் இன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். தப்பை ராஜாவே கண்டுபிடித்தால்?

அங்கிருந்தே மழவராயரைப் பார்க்கப் போனார். "அதிகாரியாரே, உம்முடைய தலைக்கணக்கு அருமை! மடைப்பள்ளியோடு நிற்பானேன்? அரண்மனை முழுக்க நடத்தலாமா?"

மழவராயருக்குத் தலைகால் புரியவில்லை. "தாராளமாக! என் பேரைச் சொல்லியே நடத்தும்!"

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக, வழக்கமாக ஒரு முரசு முழங்குகிற இடத்தில் நாலு முரசு முழங்கிற்று. ராஜா கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். ராஜமாதா காதைப் பொத்திக்கொண்டு ஓடினார். எண்ணெய் தேய்க்க ஒருவருக்குப் பதில் நாலு பேர் வந்தார்கள். எட்டுக் கை ஒரே தலையைப் பிசைந்ததில் ராஜாவுக்குக் கண் இருட்டியது. தப்பித்துச் சபைக்கு வந்தால் அங்கே நாலு தூபக்கால்! சாம்பிராணிப் புகையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

"எவன்... லொக்கு... எவன் செய்த வேலை இது?"

"மழவராயர் திட்டம் பிரபு" என்றது புகைக்குள்ளிருந்து தேவநாயகர் குரல். "வீட்டில் ஆள் நாலு மடங்கு ஆயிற்றல்லவா? அதனால் முரசும் நாலு, சாம்பிராணியும் நாலு."

"ஆமாம் பிரபு, கணக்கு சுத்தம்!" என்றார் மழவராயர் பெருமையாக.

"முட்டாளே!" என்று கத்தினார் ராஜா. "பதினாறு பேருக்குப் பதினாறு இலை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பதினாறு பேரை எழுப்ப ஒரு முரசு போதாதா? தலைக்குத் தலை கூட்ட வேண்டியது வேறு, கூட்டக் கூடாதது வேறு என்று தெரியாதா உமக்கு?"

"இதைத்தான் பிரபு ஐயாக்குட்டியும் பெருங்காயத்தைப் பற்றிச் சொன்னார்" என்றார் தேவநாயகர்.

ராஜாவின் இருமல் நின்றது. மழவராயரைப் பார்த்தார். தான் முத்திரை போட்ட ஆணை நினைவுக்கு வந்ததும் முகம் சிவந்தது. ஆணையைக் கொண்டுவரச் சொல்லித் தம் கையாலேயே கிழித்தார்.

அன்று ஐயாக்குட்டி அரிசியையும் வற்றலையும் தலை எண்ணிப் போட்டார். தண்ணீரைக் குறைத்தார். பெருங்காயத்தை முன்பு போட்டதைவிடக் கொஞ்சமே கூட்டினார். உப்பையும் புளியையும் நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். பந்தியில் ராஜா முதல் கவளத்தை விழுங்கிவிட்டு எழுந்து குழம்புச் சட்டியைத் தாமே வாங்கித் தங்கையின் இலைக்குப் போனார்.

"வல்லி, ஒரு குழம்புக்காக உன்னைத் துரத்தப் பார்த்தேனே அம்மா."

"முதலில் குழம்பை ஊற்றுங்கள் அண்ணா. பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள்" என்றாள் அவள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. உக்கிராணச் சாவி ஐயாக்குட்டி இடுப்புக்குப் போயிற்று. மழவராயர் சபை நடுவே சிவகாமவல்லியிடம் மன்னிப்புக் கேட்டார். பழைய குழம்பில் மிஞ்சியதைக் குடித்துத் தீர்க்கும் தண்டனையும் அவருக்குத்தான்.

சில மாதம் கழித்து, ராணி மறுபடி கருவுற்ற சேதி சபைக்கு வந்தது. சந்தோஷத்தில் ராஜா மழவராயரைக் கூப்பிட்டார்.

"என்ன அதிகாரியாரே, வீட்டில் இன்னொரு தலை வரப்போகிறது. குழம்பில் எவ்வளவு கூட்டலாம்?"

மழவராயர் கணக்குப் போட விரலை மடித்தார். சபையே அந்த விரலைப் பார்த்தது. மெதுவாகக் கையை இறக்கிக்கொண்டார்.

"பிள்ளைக்கு முதலில் பல் முளைக்கட்டும் பிரபு. பிறகு ஐயாக்குட்டியைக் கேட்டுச் சொல்கிறேன்."