அயிரை வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில், மீனுக்கும் பேச்சு இருந்தபோது, அயிரை முழ நீளம் வளர்ந்தது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், அதற்காக நடந்தது நடக்காமல் போய்விடாது.

கண்மாயில் வலை வீசிப் பிழைத்த சனங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. சாணுக்குக் குறைந்த மீனெல்லாம் குஞ்சு, அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். மீறிக் கொன்றால், கொன்றவள் பிள்ளையை மடையில் குடியிருக்கும் மடைக்கருப்பு சாமி கொண்டுபோய்விடும். அதனால் தலைமுறை தலைமுறையாகப் பெரியதைத் தின்றார்கள், சிறியதை விட்டார்கள். தங்களைப் போல் இரக்கமுள்ளவர்கள் உண்டா என்ற பெருமை வேறு.

இருளாயி வாக்கப்பட்டு வந்தபோதே மீன் சாணளவுக்குச் சுருங்கியிருந்தது. இப்போது வலையில் ஏறுவதெல்லாம் விரல் நீளம். மழை இல்லாமல் வயலும் காய்ந்துவிட்டது. அவள் மகள் சடைச்சி பசியில் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கிடந்தாள். இருளாயியோ வலை நிறைய அள்ளி, வயிறெரியத் திரும்பக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

ஓர் அந்தியில் அப்படிக் கொட்டப்போனபோது, வலைக்குள்ளிருந்து பல் போன கிழவியின் குரல் கேட்டது.

"இன்னும் எத்தன தடவ என்னைய விடுவ, தாயி?"

விரல் நீள அயிரை ஒன்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இருளாயி அதைக் கையில் எடுத்தாள்.

"நீ குஞ்சுதான?"

"பேரன் பேத்தி எடுத்தவ. எங்க குஞ்சு உன் வலைக்கண்ணுல நிக்காது."

"பொய் சொல்ற. உங்க இனம் முழ நீளம் வளரும்."

"வளந்தவளுக எல்லாம் உங்க சட்டிக்குள்ள போயிட்டாளுக. நிதானமா வளந்தவ, முட்ட போடுமுன்ன மாட்டுனா. விரல் நீளத்துலயே அவசரமா முட்ட போட்டவ தப்பிச்சா. அவ புள்ளைக அவள மாதிரித்தான இருக்கும்? நாங்க சுருங்கல தாயி. நீங்க பொறுக்கி எடுத்தீக."

வலையிலிருந்த மற்ற மீன்களும் மெல்லச் சிரித்தன. அத்தனையும் கிழட்டுச் சிரிப்பு.

"இதச் சொன்னா உன்னக் கொன்னுருவேனே?"

"கொல்லு. அடுத்து நாங்க என்னவா ஆவோம்னு பாக்கணும்."

மீன் சொன்னது பொய்யானால் சடைச்சியைக் கருப்பு கொண்டுபோய்விடும். மெய்யாக இருந்து, இவள் பயந்து விட்டுவிட்டால் பசி கொண்டுபோய்விடும். இருளாயி அதன் வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்தினாள். மஞ்சளாக முட்டை பிதுங்கியது.

அன்று குழம்பு கொதிக்கும்வரை சட்டிக்குள் முணுமுணுப்பு நிற்கவில்லை. இருளாயி காதைப் பொத்திக்கொண்டு கிளறினாள். சடைச்சி தின்றாள், விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து இன்னும் வேண்டும் என்றாள். கருப்பு வரவில்லை. இருளாயி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அதன்பின் ஊரே முந்தானையை விரித்துக் கண்மாயை அரித்தது. நீந்தியதெல்லாம் சிக்கியது, சேற்றில் புதையும் பழக்கமுள்ளவை மட்டும் தப்பிப் பெருகின. காலுக்கடியில் பேச்சுக் குரல் கேட்டால் சனங்கள் அந்த இடத்தைத் தோண்டினார்கள். சடைச்சி பிள்ளை பெற்ற காலத்தில், இருளாயி கண்மாய்க்குள் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். உள்ளங்காலுக்குக் கீழே ஆயிரம் உடல்கள் நெளிந்தன. ஒன்றுகூடப் பதில் சொல்லவில்லை.

அன்று முதல்தான் அயிரை விரலளவாய், சேற்றுக்குள், வாய் பேசாமல் இருக்கிறது. பேசியவற்றையெல்லாம் நாம் தின்றுவிட்டோம்.