ஓரடியும் கொடுக்காத மன்னர்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். கேட்டால் அடுத்து எந்த நாடு என்பீர்கள். அப்புறம் எனக்கு வம்பு.

அந்த நாட்டு மகாராஜா கீர்த்திவாகனருக்கு உள்ளூர்ப் புகழ் சலித்துவிட்டது. கடைத்தெருவில் 'வாழ்க' என்று கத்துகிறவனெல்லாம் சொந்தக் குடிமகன்தானே, கத்தாமல் எங்கே போவான்? வெளிநாட்டு ராஜாக்கள் தன்னை மெச்ச வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அயல்நாட்டு மந்திரி சாமந்தராயர் அதற்கு ஒரு வழி சொன்னார். மாம்பழம்! கூடை கூடையாக மாம்பழம் எல்லை தாண்டிப் போயிற்று. பக்கத்து நாட்டு ராஜாவும் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு, 'உம்மைப் போல் ஒரு நண்பர் உண்டா!' என்று சொல்லி அனுப்பினார். அதைச் சபையில் அடிக்கடி சொல்லச் சொல்லிக் கேட்பது மகாராஜாவுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது.

மாம்பழம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோதே கூடாரம் இந்தப் பக்கம் வந்தது. வடக்கு எல்லையில் ஆட்டுக்கரடு என்றொரு குன்று உண்டு. பக்கத்து நாட்டுச் சிப்பாய்கள் அதில் ஏறி, கூடாரம் அடித்து, அடுப்பும் மூட்டிவிட்டார்கள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வெள்ளாத்தாளை நன்றாக அடித்து விரட்டினார்கள். அவள் ஒடிந்த கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தலைநகருக்கு நடந்தே வந்து, அரண்மனை வாசலில் நின்று நடந்ததைச் சொன்னாள்.

சாமந்தராயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாம்பழ யோசனை அவருடையது அல்லவா? ஓடிப்போய் மகாராஜாவின் காதைக் கடித்தார். மகாராஜா உடனே உப்பரிகையில் ஏறி முழங்கினார்:

"நம் எல்லைக்குள் எவனும் வரவில்லை! நாம் எவனுக்கும் ஓரடியும் கொடுக்கவில்லை!"

ஜனங்கள் கைதட்டினார்கள். ஊரெங்கும் தண்டோரா போட்டார்கள். மகாராஜா சொன்னதற்கு மாறாகப் பேசுவது ராஜத்துரோகம், வெள்ளாத்தாள் பேசிவிட்டாள். ஆகவே வெள்ளிக்கிழமை அவள் நாக்கை அறுப்பதென்று முடிவாயிற்று.

இந்தச் சபையில் வேம்பன் என்றொரு விகடகவி இருந்தான். மகாராஜா அவனிடம் சிரித்துப் பேசுவது சாமந்தராயருக்கும் அவர் கூட்டத்துக்கும் நெடுநாளாகக் கண்ணில் விழுந்த தூசு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்தார் மந்திரி.

"மகாராஜா! தங்கள் திருவாக்கு உண்மையென்று வேம்பன் இந்தச் சபையில் நிரூபிக்கட்டும். இவ்வளவு நாள் உப்பைத் தின்றவன் இதைக்கூடச் செய்ய மாட்டானா?"

வேம்பனுக்குப் பொறி புரிந்தது. நிரூபித்தால் அந்தப் பெண் பொய்க்காரி ஆகிவிடுவாள். மறுத்தால் வெள்ளிக்கிழமை இரண்டு நாக்கு விழும். சபையைச் சுற்றிப் பார்த்தான். ஆட்டுக்கரட்டில் என்ன நடந்ததென்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் கூரையிலிருந்த சித்திரங்களை ரசித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் பயம் போய், அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்படியே ஆகட்டும், மகாராஜா. எனக்கு ஒரே ஒரு சாட்சி போதும். அந்த வெள்ளாத்தாளை வரவழையுங்கள்" என்றான்.

அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேம்பன் அவளிடம் போனான்.

"பயப்படாதீங்கம்மா. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கரட்டு மேல இருந்தவங்களுக்கு நம்ம பக்கத்துல இருந்து யாராச்சும் ஓரடியாவது கொடுத்தாங்களா?"

வெள்ளாத்தாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கீங்க கொடுத்தாங்க? ஒருத்தரும் ஓரடி கொடுக்கலீங்க. அத்தனை அடியும் நாம வாங்குனதுதானுங்க. வேணும்னா இந்தக் கையப் பாருங்க."

சபையில் யாரோ களுக்கென்றார்கள். மகாராஜா உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை, தொப்பை குலுங்க, சிம்மாசனமே ஆடும்படி சிரித்துவிட்டார்.

"பார்த்தீர்களா, மகாராஜா? ஓரடியும் கொடுக்கவில்லை என்ற தங்கள் திருவாக்குக்கு அட்சரம் பிசகாமல் சாட்சி சொன்னவள் இவள் ஒருத்திதான். இவள் நாக்கை அறுத்தால் தங்கள் சாட்சியையே அறுத்ததாகும்" என்றான் வேம்பன்.

"பிழைத்துப் போ, பெண்ணே!" என்றார் மகாராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேம்பா, உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"ஆட்டுக்கரட்டைக் கொடுங்கள், மகாராஜா."

சிரிப்பு நின்றது. சாமந்தராயர் மட்டும் மகாராஜாவின் காதருகே குனிந்து, "கொடுத்துவிடுங்கள்! இனி அது போனால் அவனுடையதுதான் போகும். நமக்குத் தலைவலி விட்டது" என்று கிசுகிசுத்தார். மகாராஜாவுக்கு அது பிடித்துப் போயிற்று.

"தந்தோம்!" என்றார்.

"மகிழ்ச்சி. அப்படியானால் பிடி சூழ வேண்டுமே?"

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா நிலம் தானம் கொடுத்தால், ஒரு பிடியை, அதாவது பெண் யானையை, அந்த நிலத்தைச் சுற்றி நடத்திக்கொண்டு வருவார்கள். யானை சுற்றிவந்த எல்லைதான் தானத்தின் எல்லை. யானைக்கு முன்னால் மந்திரி ஒருவர் நடக்க வேண்டும். எந்த மந்திரி தானத்துக்கு யோசனை சொன்னாரோ, அவரேதான் நடக்க வேண்டும்.

சாமந்தராயருக்கு முகம் வெளுத்தது.

"பிடி யானைக்குக் கால் சுளுக்கு" என்றார்.

"இன்னொரு பிடி கொட்டிலில் இருக்கிறதே."

"அது... நாள் நன்றாக இல்லை."

"தங்கள் மாம்பழங்கள் நாள் பார்த்தா போயின? எவனும் வராத இடம், மந்திரியாரே. காலாற நடந்துவிட்டு வரலாம்."

"நடப்பதாவது!" என்று கத்தினார் சாமந்தராயர். "அங்கே எதிரிகள் கூடாரம் அடித்திருக்கிறார்கள் ஐயா! கண்டால் வெட்டிப்போடுவார்கள்!"

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, ராஜத்துரோகம்!" என்று வேம்பன் பதறினான். "வெள்ளிக்கிழமைக்குத் தீட்டிய கத்தி வீணாகவில்லை போலிருக்கிறதே!"

மகாராஜாவின் மீசை துடித்தது. மந்திரி மேல் கோபமா, வேம்பன் மேல் கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. வேம்பன் சட்டென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"மகாராஜா! நாட்டு நிலம் போயிற்று என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது துரோகம். ஆனால் சற்று முன் தாங்கள் தந்த என் நிலத்தில் யாரோ கூடாரம் அடித்திருப்பதாக மந்திரியாரே சொல்கிறார். இது வழக்கு. குடிமகனின் நிலத்தை மீட்டுத் தருவது ராஜ தர்மம் அல்லவா? தாங்கள் சொன்ன சொல்லும் மாற வேண்டாம், என் நிலமும் போக வேண்டாம்."

மகாராஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்ப வழியே இல்லாமல் கட்டிப் போட்டுவிட்டு, தப்புகிற வழியையும் இவனே காட்டுகிறானே என்று நினைத்ததும் அவருக்கு மறுபடி சிரிப்பு பீறிட்டது.

"சேனாபதி! பிடியைக் கிளப்பு. பின்னால் படை போகட்டும். முன்னால் சாமந்தராயர் நடக்கட்டும்!"

வெள்ளாத்தாள் வழிகாட்ட, யானையும் படையும் ஆட்டுக்கரட்டை அடைந்தன. எல்லோருக்கும் முன்னால் ஏறினார் சாமந்தராயர். மேலே எதிரித் தலைவன் கூடாரத்திலிருந்து வெளியே வந்து படையை ஒரு பார்வை பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"வந்துவிட்டீர்களா? சண்டை வந்தால் திரும்பிவிடச் சொல்லித்தான் எங்கள் ராஜா அனுப்பினார். யாராவது வந்து 'போ' என்பீர்கள் என்று நாங்களும் காத்திருந்தோம். நீங்களோ யாரும் வரவில்லை என்று தண்டோரா போட்டுவிட்டீர்கள். வராதவர்கள் எப்படி ஐயா திரும்பிப் போவது?"

கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். காலியான மாம்பழக் கூடைகள் மட்டும் அங்கே கிடந்தன. பிடி யானை குன்றைச் சுற்றி முடித்தது. அதே இடத்தில், கூடவே வந்திருந்த வேம்பன் கரட்டை மேய்ச்சலுக்கென்று வெள்ளாத்தாள் ஊருக்கே விட்டுக் கொடுத்தான்.

சேதி கேட்டு மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பனுக்குப் போட்டார். வெற்றியை ஊருக்கு அறிவிக்க வேண்டுமே, முன்பு சொன்னதும் பொய்யாகக் கூடாதே, என்ன சொல்வது என்று அவனையே கேட்டார். வேம்பன் தண்டோராக்காரனின் காதில் ஒரு வரி சொல்லி அனுப்பினான்.

அன்று சாயங்காலம் தெருத்தெருவாகப் பறை முழங்கிற்று:

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் எல்லைக்குள் வராதவர்கள் எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள்!"

ஜனங்கள் முன்பு போலவே கைதட்டினார்கள்.