எல்லைக் காவல் ஆள்காட்டியும் உள்ளூர் உடும்பும்

ஓர் ஏரிக்கரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று இருந்தது. வானம் இடிந்து விழுந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டுமே என்று காலை மேலே தூக்கிக்கொண்டு தூங்கும் ரகம். அவ்வளவு பொறுப்பு! அந்த ஆண்டு அது கரைமேட்டுக் கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள் இட்டிருந்தது.

மழை ஓய்ந்ததும் வடக்கே மலை தாண்டி வரித்தலை வாத்துகள் அங்கே வருவது வழக்கம். கூட்டம் கூட்டமாகக் கரையில் புல் மேயும். அவை இருக்கும்வரை, பக்கத்துப் பொந்தில் வாழும் உடும்பு தலையை வெளியே நீட்டாது. நீட்டினால் அத்தனை அலகும் ஒன்றாகப் பாயும். அவை இல்லாத நாளிலும் ஆள்காட்டி ஒரு குரல் கொடுத்தால் கரையில் நிற்கும் நாரைகள் ஓடிவந்துவிடும். முட்டை ருசி கண்ட நாக்கு, பாவம், பொந்துக்குள்ளேயே காய்ந்து கிடக்கும்.

இந்த முறை வாத்துகள் வருவதற்கு முன்பே உடும்பு முந்திக்கொண்டது.

"தங்கச்சி! வடக்கேயிருந்து வர்றானுங்களே, அவனுங்க யாரு எவருன்னு யாருக்காவது தெரியுமா? நம்ம புல்லு, நம்ம தண்ணி! நாளைக்கு உன் முட்டைக்கே ஆபத்து வந்தா?"

ஆள்காட்டி ஓடிப்போய் முட்டைகளை எண்ணிப் பார்த்தது. "ஐயோ! நான் என்ன அண்ணே பண்றது?"

"உன் தொண்டை ஒண்ணு போதாதா? இன்னையிலேருந்து நீதான் இந்த ஏரிக்கு எல்லைக் காவல் தலைவி!"

பதவி என்றதும் ஆள்காட்டிக்குத் தலைகால் புரியவில்லை. வானத்தைப் பார்த்தபடி கரையில் மிடுக்காக நடை போட்டது.

வாத்துகள் வந்தன. இறங்குவதற்குள் ஆள்காட்டி கத்தியது.

"நில்லுங்க! உங்க முப்பாட்டன் இந்த ஏரியில குளிச்சதுக்குச் சாட்சி இருக்கா?"

மூத்த வாத்து சிரித்தது. "எங்க முப்பாட்டன் வந்தப்போ இங்க ஏரியே இல்லம்மா! வெறும் பள்ளந்தான்!"

"அப்போ நிச்சயமா அன்னியந்தான்! இறங்காதே!"

"மலை தாண்டி வந்த அலுப்பும்மா. ஒரு ஓரமா மேய்ஞ்சுக்கறோம்!"

"ஓரமும் எங்க ஓரந்தான்!"

பொழுதெல்லாம் ஆள்காட்டி ஓயாமல் கத்தியது. அந்தக் கூச்சல் தாங்காமல் நாரைகள் எதிர்க்கரைக்குப் போயின. வாத்துகளும் அலுத்துப்போய் அடுத்த ஏரிக்குப் பறந்தன. உள்ளூர ஆள்காட்டிக்கு ஒரே பெருமை.

மறுநாள் உச்சிவெயிலிலும் அது வடக்கு வானத்தைக் கண்கொட்டாமல் காவல் காத்தது. பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. திரும்பினால், முட்டைகளின் மேல் உடும்பு! இரண்டு ஏற்கெனவே வயிற்றுக்குள் போயிருந்தன.

ஆள்காட்டி உயிர்போகக் கத்தியது. எதிர்க்கரை நாரை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "இன்னொரு வாத்து வந்திருக்கும். இதுக்கு வேற வேலையில்லை," என்று கழுத்தை இறக்கைக்குள் செருகிக்கொண்டது.

"அண்ணே! என் பிள்ளைங்க அண்ணே! விட்டுடுங்க!" ஆள்காட்டி கதறிக்கொண்டே உடும்பின் முதுகைக் கொத்தியது. அந்தத் தோலில் அது உறைக்கவே இல்லை.

உடும்பு மூன்றாவதையும் விழுங்கிவிட்டு, நாலாவதை நிதானமாக உருட்டியது.

"ஏன் தங்கச்சி பதறுற? நான் என்ன வெளியாளா? இதே கரையில பொறந்து வளர்ந்தவன்! நம்ம முட்டையை நாமதானே சாப்பிடணும்!"

வழிப்போக்கனுக்குப் பயந்து வாசலைப் பூட்டுகிறவர்கள், பூட்டுவதற்கு முன் வீட்டுக்குள் இருப்பது யார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.