உத்தண்டர் உயிர்த்தெழுந்த கதை

மலையும் காடும் சூழ்ந்த நல்லமங்கை நாட்டை ஒரு காலத்தில் கனகசேனன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்காது. ஒரு வருஷம் கிளிப் பைத்தியம், மறு வருஷம் மல்யுத்தப் பைத்தியம். அந்த வருஷம் புள்ளிமான் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

"என் காட்டு மான்களில் வருஷத்துக்கு எத்தனை சாகின்றன, எத்தனை பிழைக்கின்றன? யாருக்காவது தெரியுமா?" என்று சபையில் கேட்டான்.

வேட்டைத் தலைவர் உத்தண்டர் துள்ளி எழுந்தார். "எங்கே பிழைக்கின்றன மகாராஜா! மலைக்குடிகள் பிடித்துத் தின்றே தீர்த்துவிடுகிறார்கள். அவர்களை விரட்டினால்தான் மான் மிஞ்சும்."

மலைக்குடிகள் போய்விட்டால் காடு முழுக்கத் தம் கைக்கு வரும் என்பது அவருடைய ஆசை. மந்திரி மாறநம்பிக்கு அது தெரியாதா என்ன?

"எல்லா மானும் ஒன்றுபோலவே இருக்கிறது மகாராஜா. போன வருஷத்து மான்தான் இது என்று எப்படிச் சொல்வது? நூறு மான்களைப் பிடித்து, காதோரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாகச் சின்னதாய் வெட்டி அடையாளம் வைத்து விட்டுவிடுவோம். அடுத்த கோடையில் எவையெல்லாம் கண்ணில் படுகின்றன என்று பார்ப்போம்" என்றார் மந்திரி.

ராஜாவுக்குக் குஷி. மலைக்குடிகளின் தலைவி கோலம்மை தன் ஆட்களோடு வலை விரித்தாள். நூறு மான்களுக்கும் காது வெட்டியாயிற்று.

மறு கோடையில் காட்டுச் சுனைகளின் ஓரம் காவலர்கள் மறைந்திருந்து பார்த்தார்கள். காது வெட்டியவற்றில் அறுபது மான்கள்தான் கண்ணில் பட்டன. உத்தண்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"நான் சொன்னேனா இல்லையா! நாற்பது மானைத் தின்றுவிட்டார்கள்!"

"நம் கண்ணில் படாததெல்லாம் செத்துப்போனதாகிவிடுமா மகாராஜா? புதருக்குள் படுத்திருக்கலாமே?" என்றார் மாறநம்பி.

"ஆகிவிடும்!" ராஜா சிம்மாசனத்தில் ஓங்கி அடித்தான். "கண்ணில் படாதது செத்துப்போனதுதான். இது ராஜ தீர்ப்பு. ஊரெல்லாம் பறையறையுங்கள். அமாவாசைக்குள் மலைக்குடிகள் காட்டைக் காலி செய்யட்டும்!"

அன்று சாயங்காலம் கோலம்மை மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றாள். "மானைப் பிடிச்சுக் குடுங்கன்னு நீங்கதானே சாமி கேட்டீங்க? புடிச்சுக் குடுத்தோம். இப்ப நாங்களே தின்னுட்டோம்னா என்ன நியாயம்? நிறைமாசக்காரிங்க ரெண்டு பேரு இருக்காங்க. எங்க கூட்டிட்டுப் போவேன்?"

 நல்லதென்று நினைத்துச் சொன்ன யோசனை இந்த ஏழைகளின் கழுத்துக்கே சுருக்காகிவிட்டதே என்று மாறநம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

உத்தண்டருக்கோ நன்றாகவே இறங்கியது. வெற்றிக் களிப்பில் முழுப் பலாப்பழத்தை ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தார். விளைவு, வயிறு பிடுங்கி வீட்டோடு கிடந்தார். மூன்று நாளாகச் சபையில் அவருடைய ஆசனம் காலி. அந்தக் காலி ஆசனத்தைப் பார்த்ததும்தான் மந்திரியின் முகத்தில் சிரிப்பு வந்தது.

மறுநாள் மாறநம்பி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சபைக்குள் வந்தார். "மகாராஜா, நம் உத்தண்டர் போய்விட்டார்!"

"ஐயையோ! எப்படி?"

"போன வாரம் இருந்தார். மூன்று நாளாகக் கண்ணில் படவில்லை. கண்ணில் படாதவர் செத்தவர் என்று தாங்கள்தானே பறையறைவித்தீர்கள்?"

ராஜா மீசையைத் தடவினான். சொன்ன சொல்லை விழுங்கவும் முடியவில்லை, வேடிக்கையை விடவும் மனசில்லை. "ஆமாம், போய்த்தான் விட்டார். ஆக வேண்டியதைப் பாருங்கள்" என்றான்.

ஆக வேண்டியதை மந்திரி குறைவில்லாமல் பார்த்தார். சற்று நேரத்தில் உத்தண்டர் வீட்டு வாசலில் சாவுமேளம் முழங்கியது. பூமாலைகள் வந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த உத்தண்டர், "யாரப்பா செத்தது?" என்று கேட்டார்.

"நீங்கதாங்க" என்றான் மேளக்காரன், அடியை நிறுத்தாமலே.

உத்தண்டர் விழுந்தடித்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார். "மகாராஜா! நான் உயிரோடுதான் இருக்கிறேன்!"

"ஆள் அவர்தானா? நன்றாகப் பாருங்கள் மந்திரி."

மாறநம்பி அவரைச் சுற்றி வந்தார். "மூக்கு நுனியில் மிளகு மச்சம் இருக்கிறது. அடையாளம் சரி. அவரேதான்."

"அப்படியானால் இந்த மூன்று நாளும் செத்துக் கிடந்தாரா?"

"இருந்தேன் மகாராஜா!" என்று அலறினார் உத்தண்டர். "உயிரோடுதான் இருந்தேன்! உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்!"

சபை கொல்லென்று சிரித்தது. தாம் சொன்னது தமக்கே உறைக்க, உத்தண்டர் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜாவும் வயிறு குலுங்கச் சிரித்தான், பிறகு சிரிப்பு அடங்கி யோசித்தான். "மறுபடியும் சுனைக்குப் போய்ப் பாருங்கள்" என்றான்.

பார்த்தார்கள். முதல் தடவை காணாத நாற்பதில் இருபது மான்கள் ஜம்மென்று வந்து தண்ணீர் குடித்தன.

"மீதி இருபது?" என்றான் ராஜா.

"முன்பு பார்த்த அறுபது மான்களில் இந்தத் தடவை கண்ணில் பட்டவை நாற்பதுதான் மகாராஜா. அதாவது இரண்டு மான் தெரிந்தால் ஒன்று ஒளிந்திருக்கிறது. அப்படியென்றால், இன்று வந்த இருபதுக்குப் பின்னால் இன்னும் பத்து புதருக்குள் இருக்கும். போனது சுமார் பத்துதான். காட்டில் புலியும் இருக்கிறதே, அதற்கும் பசிக்குமல்லவா?" என்றார் மாறநம்பி.

ராஜா எழுந்து வந்து தன் முத்துமாலையை மந்திரி கழுத்தில் போட்டான். விரட்டும் உத்தரவு ரத்தாயிற்று. மலைக்குடிகள் காட்டிலேயே இருந்தார்கள்.

"என் பதவி மகாராஜா?" என்று இழுத்தார் உத்தண்டர்.

"அது நீர் செத்த அன்றே காலியாகிவிட்டது; இப்போது கோலம்மைக்குக் கொடுத்தாயிற்று. இனி தினமும் காலையில் சுனைக்குப் போய் அவள் கண்ணில் பட வேண்டும். அவள் பார்த்துச் சொன்னால்தான் நீர் உயிரோடு இருப்பதாக அர்த்தம்."

அதுமுதல் விடிந்தால் உத்தண்டர் மலையேறுவார். கோலம்மை அவர் மூக்கை உற்றுப் பார்த்து, "இன்னிக்கும் இருக்காரு!" என்று காடே கேட்கக் கூவுவாள். சில நாள் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்றெல்லாம் உத்தண்டர் சுனையைச் சுற்றிச் சுற்றி ஓடி, அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாளோ அந்தப் பக்கம் போய் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பார்.