தேய்த்த தகடு

முதலில், வெல்டிங் ஆசிரியர் ஞானதுரை பேச்சித்தாய்க்கு மட்டும் வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டரை உடைந்ததாகக் கொடுத்தார். அடுத்து, ஈரம் ஏறி, பற்றவைத்தால் பொறி சிதறும் ராடுகளைக் கொடுத்தார். மூன்றாவதாக, "பொம்பளைப் பிள்ளைக்குக் கை நடுங்கும்" என்று வகுப்பில் சொன்னார். அத்தனைக்கும் பிறகு அவள் போட்ட வெல்டிங், இருபது வருடமாக அவர் போட்டதைவிட நேராக ஓடியது. மனிதருக்குப் பொறுக்குமா?

தேர்வன்று நான்காவதையும் செய்தார். மாணவர்கள் தங்கள் தகட்டின் மூலையில் எழுத்து அச்சைச் சுத்தியலால் அடித்துப் பெயர் பதிப்பார்கள். அவள் பெயரைக் கிரைண்டரில் தேய்த்துவிட்டு, தகட்டைத் தான் வெல்டிங் செய்து காட்டிய மாதிரித் தகடு என்று மேசையில் வைத்தார்.

"உன் வேலை எங்கம்மா? இல்லாட்டி பெயில்தான்" என்றார் வெளியூர்த் தேர்வாளர்.

"அந்தத் தகடுதான் சார்."

ஞானதுரை சிரித்தார். "உன் பேரைக் காட்டு, பாஸ் போடச் சொல்றேன்."

"சார் போட்டதாவே இருக்கட்டும். பாடத்துல சொன்ன அமிலச் சோதனையைச் செஞ்சா வெல்டிங் பளிச்சுன்னு தெரியும், சார் கைவண்ணத்தை எல்லாரும் பார்ப்போம்ல?"

புகழாசையில் ஞானதுரையே தகடு முழுக்க அமிலம் தடவினார். அச்சின் அடி வாங்கிய இரும்பு, மேலே தேய்த்தாலும் உள்ளே இறுகிக் கிடக்கும். அமிலம் பட்டால் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகும்.

தொழிற்சங்கக்காரனாக முப்பது வருடம் ஆலை வாசலில் கோஷம் போட்டுக் கத்திய எனக்கு இப்படியொரு வெற்றி வாய்த்ததில்லை. சொல்லும்போதே வயிறு எரிகிறது.

மூலையில் எழுத்துகள் கறுத்து எழுந்தன. தேர்வாளர் தகட்டைத் தூக்கிப் பிடித்து, நாற்பது மாணவர்களும் கேட்க உரக்கப் படித்தார்:

"சி. பேச்சித்தாய்."