ஜமீன்தார் மேல் விழுந்த வலை

கொண்டையூர் ஜமீன்தார் வீட்டில் விடிந்தால் சம்பந்தி விருந்து.

"நாளைக்கு முழ நீள விரால் வரணும். இல்லேன்னா உனக்கு ஏரியும் கிடையாது, குடிசையும் கிடையாது" என்று வலைக்காரன் காத்தமுத்துவை விரட்டினார் ஜமீன்தார்.

ஏரியில் ஏது விரால்? கொசுவலை போட்டுக் குஞ்சையெல்லாம் வறுவலுக்கு அள்ளச் சொன்னவரே அவர்தான். சினை மீனைக்கூட விட்டுவைத்ததில்லை.

மறுநாள் இலை போட்டாயிற்று. காத்தமுத்து வலையோடு வந்தான். வீசினான் பாருங்கள், ஜமீன்தார் தொந்தியோடு உள்ளே!

"அடேய், என்னடா இது?"

"அசையாதீங்க எசமான். ஏரி பூராவும் தேடிட்டேன். தாயும் குஞ்சும் மொத்தமா இந்த வயித்துக்குள்ளதானே போச்சு? இந்நேரம் முழ நீளம் வளந்திருக்குமில்ல!"

சம்பந்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "பெரிய மீன்தான்யா மாட்டியிருக்கு! கொசுவலை போட மாட்டேன், உன் குடிசையில கை வைக்க மாட்டேன்னு சொல்லட்டும், விட்டுடு."

ஜமீன்தார் அப்படியே சொல்லி முடிக்கிறவரைக்கும் காத்தமுத்து கயிற்றை விடவேயில்லை.