கல்லுக்குப் பாடிய தாலாட்டு

"அம்மை, இவளை எங்கே கிடத்துவது?"

பூரணி கேட்டாள். கையில் குழந்தை. பிறந்ததிலிருந்து அந்தக் கையைவிட்டு அது இறங்கியது அபூர்வம்.

நீலா அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆற்றங்கரை மடத்தின் தலைவி அவர். பூரணியைவிட வயதில் இளையவர்.

"கை வலிக்கவில்லையா?"

"வலிக்கிறது."

"கீழே விடேன்."

"எங்கே என்றுதானே கேட்கிறேன்?"

"பாய் இருக்கிறது."

"எறும்பு வரும்."

"கட்டில்?"

"புரண்டு விழுவாள்."

"அவள் இன்னும் குப்புறவே விழவில்லையே."

"விழுகிற அன்றைக்கு என்னிடம் சொல்லிவிட்டா விழுவாள்?"

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"தொட்டில்?"

"அதில்தான் அம்மை எனக்குப் பயமே."

பூரணி உட்கார்ந்தாள். குழந்தையை மடிக்கு மாற்றினாள். மாற்றும்போதும் ஒரு கை அதன் தலைக்கு அடியிலேயே இருந்தது.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா என்று கேட்டுக் கேட்டு ஊரே அலுத்துப்போன பிறகு பிறந்தவள்.

"பிறப்பதற்கு முன்பே நிதானமாகப் பார்த்து வாங்கி வைக்கலாம் என்றேன். ஆகாது என்றார்கள். பிள்ளை வருமுன் தொட்டில் வரக்கூடாதாம். இப்போது, சீக்கிரம், சீக்கிரம் என்கிறார்கள். நிதானமாக இருந்தபோது கூடாது, அவசரமானபோது வேண்டும். இது என்ன நியாயம்?"

"கடைக்குப் போனாயா?"

"ஒரு கடை விடவில்லை. ஒன்றில் சாயத்தை நகத்தால் சுரண்டினேன், பொடிப்பொடியாய் வந்தது. நாளைக்குப் பல் முளைத்தால் அதைத்தானே கடிப்பாள்? ஒன்றில் மெத்தை பஞ்சுப் பொதி மாதிரி அமுங்கியது. முகம் புதைந்தால் மூச்சு எங்கே போகும்? ஒன்றில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே என் முஷ்டி தாராளமாக நுழைந்தது. உடம்பு நழுவி வெளியே வந்து, தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டால்?"

குழந்தையின் தலையை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கடைக்காரர் என்ன சொன்னார்?"

"'இதைவிடப் பத்திரமானது இந்த ஊரிலேயே கிடையாதும்மா' என்றார்."

"அடுத்த கடைக்காரர்?"

"அவரும் அதையேதான் சொன்னார்."

"இருவரில் யார் சொன்னது பொய்?"

"இரண்டு பேரும் தொட்டிலைப் பார்த்துச் சொல்லவில்லை அம்மை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்."

அம்மையின் கை கீரையில் நின்றது.

"வீட்டில் என்ன சொல்கிறார்கள்?"

"மாமா பரணிலிருந்து பழைய தொட்டிலை இறக்கிவிட்டார். தேக்கு. மேலே கிளிகள் செதுக்கியது. நாளை இங்கே மடத்தில்தான் பெயர் சூட்டி, அதில் இவளை இடப்போகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படுத்த தொட்டிலாம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லையாம்."

"நல்லதுதானே?"

"ஏதாவது ஆன பிள்ளை வந்து சொல்லுமா மாமா என்று கேட்டேன்."

"அதற்கு?"

"'படித்த பெண்ணைக் கட்டி வைத்தால் இப்படித்தான்' என்றார். படிக்காதவளாக இருந்தால் பயம் வராதா என்ன? வாயைத் திறந்து சொல்லியிருக்க மாட்டாள், அவ்வளவுதான்."

அம்மை மறுபடியும் கீரையை எடுத்தார்.

"நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மாமா கேட்பார். அந்தத் தொட்டில் வேண்டாம் என்று சொல்லுங்கள்."

"சொல்ல மாட்டேன்."

"அப்படியானால் அது நல்ல தொட்டிலா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

"ஒரு பதிலுக்காகத்தானே உங்களிடம் வந்தேன்?"

"தொட்டிலைப் பற்றிய கேள்வி. தொட்டிலைக் கேள்."

"தொட்டில் பேசுமா?"

"இதுவரை யாராவது கேட்டார்களா?"

பூரணிக்கு மூக்கு விடைத்தது.

"கேட்க நன்றாகத்தான் இருக்கிறது அம்மை. ஆனால் பிள்ளையைக் கிடத்த ஓர் இடம் கேட்டால் ஒரு வாக்கியத்தைக் கொடுக்கிறீர்கள். வாக்கியத்தில் பிள்ளையைக் கிடத்த முடியுமா?"

அம்மை அடுத்த கீரைத் தண்டை எடுத்தார்.

பூரணி கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள்.

"சரி, ஒரு ரட்சையாவது மந்திரித்துக் கொடுங்கள். தொட்டிலில் கட்டி வைக்கிறேன்."

அம்மையின் முகம் மாறியது.

"தொட்டிலில் கயிறா?"

"ரட்சைக் கயிறு அம்மை."

"ரட்சை என்பது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். கயிற்றுக்குத் தெரியுமா?"

பூரணியின் கை குழந்தையின் கழுத்தருகே போய் நின்றது.

*

மறுநாள் காலை மடத்துக் கூடம் நிறைந்திருந்தது.

நடுவில் தொட்டில். கிளிகளின் கழுத்தில் மல்லிகைச் சரம். மாமா சிதம்பரநாதர் அதைத் தாமே தேய்த்து, தாமே மெருகு போட்டிருந்தார். முகம் பார்க்கலாம் போல மின்னியது.

"மூன்று நாளாக ராத்தூக்கம் இல்லை அண்ணாவுக்கு. தொட்டிலே கதி" என்றாள் அவர் தங்கை கோமளம்.

"பேத்திக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வேன்?" என்றார் அவர். கண் கலங்கியது.

பூரணி தூணோடு தூணாக நின்றாள். அவள் கணவன் நடேசன் அப்பாவின் முகத்தையும் மனைவியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். எந்தப் பக்கம் போய் நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். பிள்ளையை முதன்முதலாகத் தொட்டிலில் இடுமுன், அம்மிக் குழவியைப் பிள்ளையாகப் பாவித்து, மஞ்சள் பூசி, குல்லாய் போட்டு, அதைத்தான் முதலில் கிடத்துவார்கள். தாலாட்டுவார்கள். எடுத்துவிட்டுப் பிறகுதான் பிள்ளை.

கோமளம் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பட்டுத் துணி. துணிக்குள் வெள்ளியில் செய்த குழவி. கட்டைவிரல் பருமன்.

அம்மை குனிந்து பார்த்தார்.

"இது என்ன?"

"குழவி, அம்மை."

"எந்த அம்மிக்கு?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மாமா விளக்கினார். "என் தாத்தா காலத்தில் கல்லைத்தான் போட்டார்களாம். பலகையெல்லாம் கீறல். அதனால் அப்பா இதைச் செய்துவைத்தார். வழக்கமும் விடவில்லை, தொட்டிலும் கெடவில்லை."

அம்மை எழுந்து மடத்துச் சமையற்கட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது இடுப்பில் அம்மிக் குழவி இருந்தது. ஒரு பிள்ளையை எடுத்து வருவது போலவே ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தார். அதன் மேல் இன்னும் மிளகாய்ச் சாந்தின் சிவப்பு.

"அம்மை, அது வேண்டாமே" என்றார் மாமா.

"ஏன்?"

"இவ்வளவு கனமா? என் பேத்தி பூ மாதிரி இருக்கிறாள். இது என்ன நியாயம்?"

"இன்றைக்குப் பூ."

"அதைத்தானே சொல்கிறேன்?"

"எந்த நாள் வரை இவளைத் தொட்டிலில் இடுவீர்கள்?"

மாமா யோசித்தார். எழுந்து உட்காரும், பிடித்துக்கொண்டு நிற்கும், குதிக்கும் பிள்ளைகள் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

கோமளத்துக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா ராப்பகலாகப் போட்ட மெருகு! கல்லு பட்டால் போச்சு."

தூணருகிலிருந்து பூரணி பேசினாள்.

"கல் விழுந்தால் மெருகு போய்விடும் என்று பயப்படுகிறீர்களே அத்தை. இவள் விழுந்தால் எது போகும்?"

"சீ! நல்ல நாளும் அதுவுமாகப் பேசுகிற பேச்சா இது? நாக்கில் சனி."

"பேசாமல் இருந்தால் பலகை தாங்கிவிடுமா?"

"தாங்குகிறதா என்று பார்" என்றார் அம்மை.

குழவியை நீட்டினார்.

பூரணி அதைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் மகள்.

கூடம் காத்திருந்தது.

அம்மை குழவியைத் தரையில் வைத்துவிட்டு வெறுங்கையை நீட்டினார். நீட்டியபடியே நின்றார். பூரணி ஓரடி வந்தாள். நின்றாள். இன்னோரடி. குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள். தலைக்கு அடியிலிருந்த தன் கையைக் கடைசியாக உருவினாள்.

பிறகு குனிந்து கல்லைத் தூக்கினாள்.

மஞ்சள் பூசினார்கள். குல்லாய் போட்டார்கள். பூரணி கல்லைத் தொட்டிலில் கிடத்தினாள்.

கோமளம் பாட ஆரம்பித்தாள். மாமா ஆட்டினார்.

ஒன்றும் ஆகவில்லை.

தொட்டில் போனது, வந்தது. கிளிகள் போயின, வந்தன. மல்லிகை உதிர்ந்தது. மாமாவின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது.

"பார்த்தாயா பூரணி? தேக்கு! போதும் கோமளம், கல்லை எடு."

"தாலாட்டு முடியவில்லையே" என்றார் அம்மை.

"வழக்கத்துக்கு ஒரு அடி பாடினால் போதும் அம்மை."

"பிள்ளைக்கும் ஒரு அடிதான் பாடுவீர்களா?"

கோமளம் அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் தொடர்ந்தாள். தாய்மாமன் கொண்டு வரும் சீரைப் பாடினாள். அத்தை அடித்த மல்லிகைச் செண்டைப் பாடினாள்.

பாட்டின் நடுவே மெலிதாக ஒரு சத்தம். எங்கோ ஒரு வேர்க்கடலையை உடைத்தது போல.

அடிப்பலகை ஒருபக்கம், அது செருகியிருந்த காடிப் பள்ளத்திலிருந்து விலகியது.

கல் விழுந்தது.

தரை அதிர்ந்தது. யாரோ வீறிட்டார்கள். கல் உருண்டு வந்து மாமாவின் காலடியில் நின்றது. தலையில் இன்னும் அந்தச் சின்னக் குல்லாய்.

எல்லாக் கண்களும் அம்மையின் கையைத் தேடிப் போயின.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அபசகுனம்" என்றாள் கோமளம், அழுதுகொண்டே. "வாய் வைத்தாள். வாய் வைத்தே கெடுத்தாள்."

பூரணி திரும்பவில்லை. அவளுடைய பார்வை குல்லாயைவிட்டு நகரவில்லை.

மாமா மண்டியிட்டு உட்கார்ந்தார். பலகை பொருந்தியிருந்த காடிக்குள் விரலை விட்டார். விரலோடு மாவு வந்தது. உள்ளே முழுதும் உளுத்துப்போயிருந்தது.

வெகுநேரம் அந்த விரலையே பார்த்தார்.

"மேலேதான் தேய்த்தேன்" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை. "மேலேதான் தேய்த்திருக்கிறேன்."

பிறகு கல்லை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோணியிருந்த குல்லாயைச் சரிசெய்தார்.

"சும்மா இரு கோமளம்" என்றார்.

அன்று பெயர் சூட்டாமலே எல்லோரும் கலைந்தார்கள். வாசல்படியில் பூரணி நின்றாள்.

"அம்மை, இந்த வழக்கத்தை வைத்தவர்கள் இதற்காகத்தான் வைத்தார்களா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"நான் கல்லை வைக்கச் சொன்னது இதற்காக."

*

கொஞ்ச நாள் கழித்து அதே கூடம். வேறு தொட்டில்.

கிளி இல்லை. மெருகு இல்லை. வெறும் மரம்.

இந்தமுறை பூரணியோடு மாமாவும் கடைவீதிக்குப் போயிருந்தார். கடைகடையாகச் சாயத்தை நகத்தால் சுரண்டினாராம். கம்பிகளுக்கு நடுவே முஷ்டியை விட்டுப் பார்த்தாராம். 'இதைவிடப் பத்திரமானது கிடையாதுங்க' என்ற கடைக்காரரிடம், 'நீங்கள் சும்மா இருங்கள், அது சொல்லட்டும்' என்றாராம். நடேசன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

கோமளம் பட்டுத் தலையணை கொண்டு வந்திருந்தாள். ஓரத்தில் தொங்கவிட மணிச்சரம் கொண்டு வந்திருந்தாள்.

பூரணி தலையணையை வெளியே எடுத்தாள். மணிச்சரத்தை அவிழ்த்தாள்.

"பார்க்க மொட்டையாக இருக்கிறதேடி" என்றாள் கோமளம்.

"இருக்கட்டும் அத்தை."

கோமளம் முணுமுணுத்தாள். ஆனால் மணிச்சரத்தைத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

குழந்தையை அம்மை வாங்கிக்கொண்டார். இந்தமுறை பூரணி தயங்கவில்லை. போய்க் கல்லைத் தூக்கி வந்தாள். கிடத்தினாள். காடியில் விரல் விட்டுப் பார்த்தாள். தொட்டில் தொங்கும் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். பாட ஆரம்பித்தாள்.

மாமா ஆட்டினார். மெதுவாக, பிறகு பலமாக.

சீர் முடிந்தது. மல்லிகைச் செண்டு முடிந்தது. தாலாட்டு முழுதும் முடிந்தது.

தொட்டில் அசையாமல் நின்றது. கல் அதே இடத்தில் கிடந்தது.

எல்லோரும் பூரணியைப் பார்த்தார்கள்.

அவள் பலகையை ஒருமுறை அழுத்தினாள். கொக்கியை ஒருமுறை பார்த்தாள்.

"இன்னொரு தாலாட்டு பாடிவிடுகிறேன்" என்றாள்.

பாடினாள். மாமா ஆட்டினார்.

அதுவும் முடிந்தது.

"இன்னும் ஒன்றே ஒன்று—"

"பூரணி" என்றார் அம்மை.

"என்ன அம்மை?"

"எனக்குக் கை வலிக்கிறது."

பூரணி கல்லை வெளியே எடுத்தாள்.